பரளச்சி காதர் என்ன ஆனார்

ஜூலை 14, திங்கள்
காலையிலேயே அனல் காற்று. துணி அரை மணியில் காய்ந்துவிட்டது. மாமனாரின் பர்மாச் சண்டை நோட்டு, தட்டச்சில் நாற்பதாம் பக்கம். கூட இருந்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் ஊர், பிடித்த தீனி, கடைசியாகப் பார்த்த இடம். முடிவில் ஒரே வார்த்தை: தெரியவில்லை.

"காதர், பரளச்சி. பனங்கிழங்கு என்றால் உயிர். காய்ச்சலோடு ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நடந்தோம். உத்தரவு. தன் தண்ணீர்ப் புட்டியை என்னிடம் தந்தான். பிறகு தெரியவில்லை. ஊர் திரும்பியும் பரளச்சிக்குப் போக மனம் வரவில்லை. அவன் தாய் கேட்டால் என்ன சொல்வேன்."

செத்து இருபது வருடமாயிற்று மனுஷன். இப்போதுதான் மரியாதை கூடுகிறது. ஒரு வரிகூட அளந்துவிடவில்லை.

ஜூலை 16, புதன்
கேஸ் புக் செய்தாயிற்று. முழங்கால் வலி. இவருக்கு நோட்டை அச்சுக்குக் கொடுக்க அவசரம்.

"தெரியல தெரியலன்னு எத்தன தடவ? செத்துட்டார்னு போட்டுரு."

"ஒங்க அப்பா போடலயே."

விசாரிக்காமல் ஓர் ஆளை எப்படிச் சாகடிப்பது? காதரைப் பற்றியாவது கேட்டு வருகிறேன் என்றேன்.

"எம்பது வருசம் கழிச்சா?" சிரிப்பு வேறு.

ஜூலை 20, ஞாயிறு
நரிக்குடியில் ஏறி, திருச்சுழியில் பஸ் மாறி, பரளச்சி. டீக்கடையில் கேட்டேன். "பட்டாளத்துக் காதரா? அவுக மக இருக்காக. அந்தப் பச்சக் கதவு." இரண்டே நிமிடம். மாமனார் மேல் கோபம்தான் வந்தது.

மகள் பாத்துமா. எழுபது வயதிருக்கும். காதர் பிழைத்து வந்திருக்கிறார். கல்யாணம், நான்கு பிள்ளைகள், உளுந்து வியாபாரம். இறந்து முப்பது வருடம்.

மாமனார் பெயரைச் சொன்னேன்.

"அவுக பொழச்சுட்டாகளா? ஆத்தத் தாண்டுன ஆளுக மேல குண்டு விழுந்ததப் பாத்தேன்னு அத்தா சொல்வாகளே. ஒருக்கா நரிக்குடிக்கு வந்தாக. பஸ்ஸ விட்டு எறங்காமலே திரும்பிட்டாக. அவன் ஆத்தா கேட்டா என்ன சொல்றதுன்னு அழுதாக."

அவருக்கும் அதே பயம்.

இன்னொன்று. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு நெய்ச்சோறு ஆக்கி, மாமனார் பெயரைச் சொல்லி ஐந்து பேருக்குப் போட்டிருக்கிறார் காதர். "அவன் சனம் கும்புடுற நாள்லதான் செய்யணும்" என்பாராம். அப்பாவுக்குப் பிறகு மகளும் விடவில்லை. அதே நாட்களில் மாமனார் இங்கே வீட்டில் அப்பளம் சரியாகப் பொரியவில்லை என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் பஸ்ஸில் அழுதேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை
பரளச்சிக்கு இவரும் வந்தார். வெள்ளைச் சட்டை. பஸ்ஸில், என்னைப் பார்க்காமல்: "மத்த பத்துப் பேருக்கும் தெரியலன்னே இருக்கட்டும்." சரி என்று மட்டும் சொன்னேன்.

முதல் இலை இவருக்கு. கறி கிடையாது, அமாவாசைக்குக் கவுச்சி ஆகாது என்று காதர் வைத்த வழக்கம். இவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண் கலங்கினதற்கு ஊறுகாய் மேல் பழி.

கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாத்துமா கேட்டார்: "அவுக எப்பம்மா எறந்தாக?"

"பங்குனியில. அமாவாசைக்கு மறுநாள்."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கிப் பார்த்தார்.

"அப்ப இனிமே பங்குனியிலதான் ஆக்கணும். அத்தா ஆக்குன சோறெல்லாம் உசுரோட இருந்தவுகளுக்குல்ல போயிருக்கு."