சிக்குத் தட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் "ம்" என்பாய். நீ பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் மூச்சுவிட இடம் தேட வேண்டும் என்பதால்தானே வீட்டில் உனக்கு இந்தப் பேர் வைத்தோம்? அப்படிப்பட்டவள் போனில் வெறும் "ம்" கொட்டினால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் நாளாகும், எழுதிப் படம் பிடித்து உன் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்புகிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட முடியாது பார்.

உன் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன். போன தடவை மருந்து ஏற்றிக்கொள்ள நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம். வாசல் வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டவள், அதைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாயாம். இன்னும் இரண்டே தடவைதான் பாக்கி, முடித்துவிட்டால் பிழைப்பதற்கு நல்ல நம்பிக்கை உண்டு, பாதியில் விட்டால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்று டாக்டரம்மா சொன்னாராம். வருகிற செவ்வாய்க்கிழமை உனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்களாம். நீ மட்டும், "மனசு வரட்டும், போறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாயாம்.

பயப்படாதே, உபதேசம் பண்ண வரவில்லை. உனக்கு உபதேசம் பண்ணி ஜெயித்தவர்கள் நம் வீட்டில் யாரும் இல்லை. என் வேலையில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மருந்து ஆரம்பிக்கும் முன்னால் நீ வெட்டி அனுப்பிய முடி வந்து சேர்ந்தது என்று அப்போதே சொன்னேன். அதை நான் பிரிக்கவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு, பேப்பரில் சுற்றி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய்: "ஊர்ல உள்ள தலைக்கெல்லாம் விக் பண்றியே, எனக்கும் ஒண்ணு பண்ணு. தங்கச்சிங்கிறதால நல்லா பண்ணு." படித்துவிட்டுச் சிரித்தேன். அப்படியே மடித்து பீரோ மேல் வைத்தேன். அவ்வளவுதான். அதைக் கையில் எடுத்தால் உனக்கு வந்திருப்பதை நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. பீரோ மேல் இருக்கிற வரைக்கும் அது வெறும் பார்சல்தானே.

உன் முடியைத்தான் தொடவில்லை என்றால், கடையில் மற்ற வேலையும் ஓடவில்லை. எங்கள் வேலை உனக்குத் தெரியும். மரத்தலையில் மெல்லிய வலையை மாட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலைக்கு எத்தனை முடிச்சு என்று நாங்கள் யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் அன்றைக்கே வேறு வேலை தேடத் தோன்றும். அதிலே கைதேர்ந்தவள் என்று பேர் வாங்கிய நான், ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது "இன்னிக்கு எனக்குக் கை ஓடல" என்று சொன்னால் ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கக் கூடாது. முதலாளியம்மா அவள் முன்னால் சிக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். எல்லோர் மேசையிலிருந்தும் உதிர்ந்த முடி அதில் கிடக்கும். முடிக்கு வேர்ப்பக்கம் என்று ஒன்று, நுனிப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கமாக நின்றால்தான் விக் ஒழுங்காக இருக்கும். நாலு முடி தலைகீழாகக் கலந்தாலும் மொத்தமும் சிக்கு விழுந்துவிடும். அதனால் அந்தத் தட்டில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேர் எது, நுனி எது என்று பார்த்து வரிசை போட வேண்டும். அதற்கு மனசு தேவையில்லை, விரல் இருந்தால் போதும். அந்தத் தட்டைக் கண்டதுமே பலருக்குக் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும், அவ்வளவு சலிப்பான வேலை. நானோ நாள்கணக்கில் அதையே கட்டிக்கொண்டு அழுதேன். எங்களிலேயே மெதுவாக வேலை செய்கிறவளுக்கு நாங்கள் 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பேர் வைத்திருக்கிறோம். அவளே, "அக்கா, என்னோட பேரை நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, பீரோ மேலிருந்து உன் முடியை இறக்கினேன். உன் தலையணை வாசனை அடித்தது. ரப்பர் பேண்டைக் கழற்றினேன். வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்து, ஷாம்பூ போட்டு, சின்ன வயசில் உன் தலையைத் தேய்த்துவிடுவேனே, அதே மாதிரி தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். "கண்ணை மூடிக்கோ, எரியும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

வெட்டிய முடியை, போட்ட கட்டு அவிழ்த்த பிறகு கழுவக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். அதை நான் மறந்தே போனேன். எனக்கு அது முடிக்கட்டாகத் தெரியவில்லை, உன் தலையாகத்தான் தெரிந்தது. தண்ணீரிலிருந்து எடுத்தபோது வேரும் நுனியும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, கம்பளித் துண்டு மாதிரி உருண்டு கிடந்தது. குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். என் தங்கச்சியின் முடி, இன்னொன்று கிடைக்காத முடி, அதை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று.

மறுநாள் ஈரத்துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். முதலாளியம்மா பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாருடையது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சிக்குத் தட்டில் இருந்ததையெல்லாம் ஓரமாக ஒதுக்கிக் கொட்டிவிட்டு, உன் முடியை அதில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். "கை ஓடாதவளுக்கு இதுதானே வேலை. செய்யி" என்றார்.

ஊசிமுனையால் நெம்பி ஒரு முடியை உருவினேன். வேர் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முடியை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு, விரலை முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். முடி மெல்ல ஊர்ந்து வெளியே வரும். எந்த முனை முன்னால் போகிறதோ அதுதான் வேர்ப்பக்கம். எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன், ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. அன்றைக்கு உன் முடி என் விரலுக்குள் ஊர்ந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நினைத்துப் பாரேன். உன் தலையை விட்டு வந்துவிட்டது. அதற்கு ரத்தம் இல்லை, உயிர் இல்லை. தபாலில் கடல் தாண்டி வந்து, பீரோ மேல் கிடந்து, என்னிடம் அந்தப் பாடு பட்டு, அதற்கப்புறமும் வேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக நகர்கிறது. இரண்டாவது முடியும் அப்படியே. தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், அப்போதும் வேர்ப்பக்கமாகவே போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். கோயிலுக்குள்கூட நான் அப்படி நின்றதில்லை.

எவ்வளவு நேரம் செய்தேனோ தெரியாது. எக்ஸ்பிரஸ் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். முதலாளியம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் கடையில் அவ்வளவு பேர் வாயைத் திறக்காமல் வேலை செய்ததை நான் பார்த்ததே இல்லை. உன் முடி நுனியில் செம்பட்டையாக இருந்ததே, முதல் சம்பளத்தில் கலர் அடித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதுதான். அங்கிருந்து வேர் வரை உன்னுடைய இத்தனை வருஷமும் என் விரல் வழியாகப் போனது.

உருண்டை முழுவதும் பிரிந்துவிட்டது. பல முடி நடுவில் அறுந்துபோனது உண்மைதான். இடுப்பு வரை இருந்தது தோள் வரைக்கும்தான் வரும். இப்போது பின்தலை முடிந்து, உச்சி வரைக்கும் கட்டிவிட்டேன். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மனசு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. இன்றைக்குக் காலையிலும் வரவில்லை. வராமலேதான் ஊசியை எடுத்தேன். மனசே இல்லாதவள் ஒரு தலையில் முக்கால்வாசியைக் கட்டி முடித்திருக்கிறாள் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. மனசு வந்தால்தான் வேலை நடக்கும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேனே, என்ன முட்டாள்தனம்.

முன்நெற்றி வரிசையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அதை உன் முகத்தைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அதற்கு நானே வருகிறேன். முதலாளியம்மா லீவு கொடுத்துவிட்டார், அடுத்த மாதத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. உன் மாமா சமைத்துக்கொள்வாராம். நம்பாதே, நானும் நம்பவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு நான் அங்கே இருக்க மாட்டேன். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். போடி. மனசில்லாமலே போ. திட்டிக்கொண்டே போ, டாக்டரம்மாவையும் என்னையும் சேர்த்துத் திட்டு. அழுகை வந்தால் வழியெல்லாம் அழுதுகொண்டே போ. தைரியம் வேண்டாம், நம்பிக்கைகூட வேண்டாம், உன் உடம்பு மட்டும் போய், மருந்து ஏற்றும் அந்த நாற்காலியில் உட்காரட்டும். அது போதும் எனக்கு.

நான் கட்டிய விக்குகள் எல்லாம் நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைப்பேன். இது ஒன்றுதான் சீக்கிரமே குப்பைக்குப் போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உன் தலையில் புது முடி வந்து, இது குத்துகிறது, அரிக்கிறது, அக்காவுக்கு வேலையே தெரியவில்லை என்று நீ வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு தூக்கி எறிய வேண்டும். நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

நூறு வயசு இருந்து என் உயிரை வாங்கு.

உன் வாய்க்காகக் காத்திருக்கும்,
அக்கா