யூசுப் இக்கா விலை பேசி வாங்கிய தாராவு

2003 ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கடைக்குள்ளேயே குடையை விரித்து மூன்றாவது கம்ப்யூட்டரைக் காப்பாற்றினேன். ஓடு மாற்றித் தரச் சொல்லி யூசுப் இக்காவிடம் கேட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கட்டிடம் அவருடையது. கீழே அவர் மிளகு மூட்டை அடுக்கும் கோடவுன், மேலே என் டைப்பிங் சென்டர். மிளகில் ஒரு சொட்டு விழுந்தால் ஆள் அனுப்புவார். கம்ப்யூட்டரில் விழுந்தால், "அது பிளாஸ்டிக் அல்லே மோளே" என்பார்.

அதைவிடப் பெரிய தலைவலி இன்று வந்தது. எர்ணாகுளத்தில் ஒரு சென்டருக்குப் போலீஸ் போய், இருந்த கம்ப்யூட்டரை எல்லாம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். கள்ள விண்டோஸ் போட்டிருந்ததாம். என் நான்கு கம்ப்யூட்டரிலும் இருப்பது அதே கள்ளம்தான். விற்றவன் போட்டுக் கொடுத்தான். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது. தென்காசியிலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபின் என் பெயரில் இருக்கிற ஒரே பொருள் இந்தக் கடைதான். இது போனால் மறுபடி அடுப்படி.

இவரிடம் சொல்லவில்லை. இந்த நோட்டை மேஜை மேலேயே போட்டாலும் கவலையில்லை. என் வீட்டுக்காரர் செல்லப்பனுக்குத் தமிழ் வாயில்தான் வரும், படிப்பெல்லாம் மலையாளம்.

ஜூன் 11, புதன்

நல்ல விண்டோஸ் என்ன விலை என்று போனில் விசாரித்தேன். நாலுக்கும் வாங்க வேண்டுமானால் கடையை விற்க வேண்டும். கடையை விற்றபின் விண்டோஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய? புட்டு அவிக்கவா?

ஜூன் 15, ஞாயிறு

சுஜித் வந்தான். வைப்பின் தீவுக்காரன், ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். முன்பு என்னிடம் பயோடேட்டா அடிக்க வந்த பழக்கம். மூன்று சிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் போட் ஏறி வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து நான்கு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டான். ஒரு பைசா வாங்கவில்லை.

"உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதினது சேச்சி. யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். கள்ளமே இல்லை" என்றான்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் வயிறு பெருத்த பறவை ஒன்று வந்து உட்காருகிறது. பென்குயின் என்றான். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தாராவு" என்றார். இங்கே வாத்துக்கு அதுதான் பெயர்.

சுஜித் போனதும் இவர் கேட்ட முதல் கேள்வி: "அவனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஏன்?"

"காசு வாங்காம ஒருத்தன் நாள் பூரா வேலை செய்வானா? உன் தங்கச்சி போட்டோ ஏதாவது கடையில கிடக்குதா?"

ஜூன் 17, செவ்வாய்

துபாய்க்கு விண்ணப்பம் அனுப்புகிற ஒருவர் தாராவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். விண்டோஸில் அடித்த பயோடேட்டாவைத்தான் அங்கே வாசிப்பார்களாம். பேப்பரில் அடித்து வரும்போது எல்லாம் ஒன்றுதான் என்றேன். "எங்களுக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

மஸ்கட்டில் இருக்கிற மகனோடு சாட் பண்ண வரும் சேச்சி, "இந்த வழியாப் போனா வேற யாரோட பையனாவது வந்துடுவானோ" என்று பயந்தார். இது என்ன சிஸ்டம், என்ன விலை என்று கேட்டார். சும்மா கிடைத்தது என்றேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனவர்தான்.

ஜூன் 24, செவ்வாய்

யாரும் வரவில்லை. நானும் தாராவும்.

ஜூலை 2, புதன்

இவர் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கிறவர். வாய் திறந்தால் அந்தப் புகையைப் போலத்தான், தெரு முழுக்கப் பரவும்.

எதிர்ச் சாயாக்கடை சஜி, "சேச்சி ஓசி சாதனம் போட்டு ஆளை ஓட்டுறாங்களே" என்றானாம். இவருக்கு ரோஷம். "ஓசியா? எட்டாயிரம் ரூபா. ஜெர்மனி சாதனம்."

சாயங்காலம் துபாய்க்காரர் திரும்பி வந்தார். ஜெர்மனியில் அடித்துக் கொடுங்கள் என்றார். மஸ்கட் சேச்சியும் வந்தார். நான்கு நாற்காலியும் நிறைந்து இரண்டு பேர் படியில் உட்கார்ந்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. என்னிடம் யாரும் விலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் — சொல்லியிருப்பேனா?

ஜூலை 10, வியாழன்

இக்கா மாடிப்படி ஏறி வந்தார். ஓடு பார்க்க வந்தார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இல்லை. "கோடவுன் கம்ப்யூட்டர்ல போட ஜெர்மன் சாதனம் எனிக்கும் ஒன்னு வேணும்."

கடவுள் சாட்சியாக உண்மையைச் சொன்னேன். "இக்கா, இதுக்குக் காசே வேண்டாம். சும்மா எடுத்துக்கோங்க."

அவர் முகம் மலர்ந்தது. நாற்பது வருஷம் மிளகு விற்றவரிடம் "சும்மா எடுத்துக்கோங்க" என்றால், பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மார்க்கெட்டில் மற்றவர்கள் போனில் விலை முடிக்கிறார்கள். இக்கா மட்டும் இன்னும் பழைய முறை: கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துத்தான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, வெளியே சொல்லவும் கூடாது, முடிந்ததைப் பிறகு கிளறவும் கூடாது.

பெண்பிள்ளை கையைப் பிடிக்க மாட்டார். பக்கத்தில் நின்ற இவர் கையை இழுத்துத் துண்டைப் போட்டார். இவருக்குப் பிறவியில் பேரம் தெரியாது. பயத்தில் எந்த விரலை எப்படி அழுத்தினாரோ, துண்டை எடுத்தபோது ஆறு மாத வாடகை வேண்டாம் என்று முடிந்திருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றேன்.

"அவருதான் அழுத்தினாரு. நான் வலிக்குதுன்னு விரலை மடக்கினேன்."

தாராவு சிடிகளின் நகலோடு இக்கா மட்டும் ரொம்பத் திருப்தியாக இறங்கிப் போனார். செல்லப்பன் கடுமையான ஆள், விரலை விட்டே கொடுக்கவில்லை என்று கோடவுனில் சொன்னாராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சஜி பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். மூன்று வெற்று சிடி கொண்டுவந்தான், தாராவை நகல் எடுத்துக் கொடுத்தேன். யாரும் யாருக்கும் கொடுக்கலாமே.

சாயங்காலம் இக்கா சாயா குடிக்கப் போயிருக்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தாராவு. எவ்வளவு ஆச்சு என்று கேட்டிருக்கிறார். "மூணு சிடி காசு" என்றிருக்கிறான் சஜி. பாதி சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாராம்.

கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

துர்காஷ்டமி. பென்சிலில் எழுதுகிறேன். பேனா பூஜையில் இருக்கிறது. பூஜைக்கு வைத்தபின் விஜயதசமி வரை எழுதக்கூடாது, படிக்கக்கூடாது, ஆயுதத்தைத் தொடக்கூடாது. மளிகைச் சீட்டு எழுதும் பென்சிலுக்குத் தோஷம் இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

நான்கு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, மூன்று சிடியையும் தட்டில் அடுக்கிப் பூப்போட்டு, இவருடைய கொசு மருந்து மெஷினையும் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்தேன். ஜீப் வந்து நின்றது.

எஸ்.ஐ. ராமன் சார். கூடக் கான்ஸ்டபிள் மஞ்சுஷா. பின்னாலேயே யூசுப் இக்கா, என் முகத்தைப் பார்க்காமல். அவர் விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் சாதனத்தை நான் நகல் எடுத்து ஊருக்கு விற்கிறேன் என்று ஸ்டேஷனில் பராதி கொடுத்திருக்கிறார்.

நான் கள்ள விண்டோஸுக்குப் பயந்து தாராவுக்கு வந்தவள். இப்போது தாராவைக் களவாடியதாகக் கேஸ்.

ராமன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குங்குமத்தைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டது. "பூஜைக்கு வெச்சாச்சோ?"

"இப்பத்தான் சார்."

நீட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தேவியோட மடியில இருந்து சாதனத்தை எடுத்து எனக்கு என்னத்துக்கு தோஷம்? ஞாயிற்றுக்கிழமை காலையில பூஜை எடுத்தப்புறம் எடுக்கலாம். மஞ்சுஷா, நீ இங்கே இரு. ஒண்ணும் போகக்கூடாது."

அக்டோபர் 4, சனி

மஞ்சுஷா வாசலில் நாற்காலி போட்டுக் காவல். நல்ல பெண். சுண்டலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். உள்ளே இருக்கிறது குற்றப்பொருளா, சரஸ்வதியா என்று அவளுக்கும் தெரியவில்லை. மணி அடித்தால் மட்டும் எழுந்து நிற்கிறாள்.

சுஜித்துக்குப் போன் பண்ணினேன். "உண்மையைச் சொல்லிடுங்க சேச்சி, கேஸே இல்லை" என்கிறான். அவனுக்கு என்ன. உண்மையைச் சொன்னால் கேஸ் போகும். ஆனால் சும்மா கிடைக்கிற ஒன்றுக்கு இக்காவிடம் ஆறு மாத வாடகை வாங்கினோம் என்று மார்க்கெட்டுக்கே தெரிந்துவிடும். அப்புறம் இந்தக் கட்டிடத்தில் ஒரு நாள் விடுவாரா? சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் போகும். சொன்னால் கடை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுப்படிதான் தெரிகிறது.

இவர் சாப்பிடவில்லை. "ஜெர்மனின்னு சொல்லாம ஜப்பான்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு. விஜயதசமி

பேனாவுக்குத் திரும்பிவிட்டேன்.

பூஜை எடுத்ததும் அந்தந்த ஆயுதத்தால் முதலில் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும் இல்லையா. ராமன் சாருக்கும் அது தெரியும். "முதல்ல ஒரு எழுத்து அடி. வேற எதுக்கு, எடுத்துட்டுப் போற சாதனத்தோட மகஸரையே அடிச்சுடலாமே. எனக்கும் ஒரு வேலை முடிஞ்சது" என்றார். ஆகவே இந்த விஜயதசமிக்கு நான் எழுதிய முதல் எழுத்து, என்மேல் போட்ட கேஸ். இப்படி ஒரு ஹரிஸ்ரீ யாருக்கும் வாய்த்திருக்காது.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பொருளின் உடமஸ்தன், அதாவது சொந்தக்காரர், யார் என்ற இடம் வந்தது. நாங்கள் கூப்பிட்டு வந்திருந்த சுஜித், "எல்லாரும்தான் சார்" என்றான்.

"எல்லாரும்னா?"

"எல்லாரும். சாரும்தான்."

"நானா? நான் எப்போ வாங்கினேன்?"

"வாங்க வேண்டாம் சார். பிறந்தாலே போதும்."

மஞ்சுஷா மெதுவாக, "அப்போ சாரும் பராதிக்காரர் ஆகணுமா சார்?" என்றாள். ராமன் சார் அவளை முறைத்துவிட்டு இக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பில் எங்கே? என்ன விலை?"

"அது துண்டுக்கடியில முடிஞ்ச விலை. வெளிய சொல்லான் பாடில்லா, கூடாது."

"யார்கிட்ட கொடுத்தீங்க?"

இக்கா இவரைப் பார்த்தார். இவர் தாராவைப் பார்த்தார். வாசலில் பாதி மார்க்கெட் நின்றது. இவர் வாயைத் திறந்தார் — திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எழுந்துவிட்டேன்.

"இக்கா, ஒரு நிமிஷம் கீழ வாங்க."

கோடவுனில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நிற்கவைத்து எல்லாம் சொன்னேன். எட்டாயிரமும் இல்லை, ஜெர்மனியும் இல்லை, அன்றைக்கு நான் சும்மா என்று சொன்னது சும்மாதான். சொல்லும்போது அழுதுவிட்டேன். மிளகு நெடி என்று அவர் நினைத்திருந்தால் நல்லது.

நாற்பது வருஷம் மிளகில் இருந்தவர் தும்மி நான் பார்த்ததில்லை. மூன்று தடவை தும்மினார். பிறகு கேட்டார்: "சஜி அறியுமோ?"

"இல்ல இக்கா."

"மார்க்கெட்ல?"

"யாருக்கும் தெரியாது. சுஜித் சொல்றதை யாரும் நம்பலை."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். சும்மா கிடைக்கிற சரக்குக்கு விலை கொடுத்தவன் என்று தெரிந்தால், அப்புறம் அந்தத் துண்டுக்கடியில் யார் கை வைப்பார்? வாசலுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பராதி இல்லா சாரே. சாதனம் என்டேது, என் சொந்தம். ஊருக்கெல்லாம் கொடுக்கச் சொன்னதும் ஞான் தன்னே. மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா? ஸ்டேஷன் வரைக்கும் வந்து கையெழுத்துப் போட்டீங்களே?"

"வயசாயி."

ராமன் சாருக்குக் கோபம் வந்தது. ஆனால் விஜயதசமி அன்றைக்கு எவ்வளவுதான் கோபப்படுவார். மகஸரை அழிக்கச் சொன்னார். போகும்போது என் பக்கம் குனிந்து, "அதுல எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்றார்.

"கொடுத்துரு மோளே. நம்ம சார் அல்லே" என்றார் இக்கா.

அக்டோபர் 6, திங்கள்

வாடகையைப் பற்றிக் கேட்டேன். "துண்டுக்கடியில் முடிஞ்சது முடிஞ்சது" என்று சொல்லிவிட்டார். இவர் காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நாள் தாங்கும் பார்க்கலாம்.

2007 டிசம்பர் 16, ஞாயிறு

எப்போதோ ஒருமுறை எழுதுகிறேன். கடையில் இப்போது ஏழு கம்ப்யூட்டர், ஏழிலும் தாராவு. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படிப்பதும் இதைத்தான். வீட்டுக்கு ஒன்று கேட்டு வரிசையாக வருகிறார்கள். சுஜித்தின் சங்கம் இன்று தோப்பும்படியில் விழா வைத்தது. மட்டாஞ்சேரியில் முதன்முதலாக இதை ஊருக்கு வழங்கிய பெரியவர் என்று யூசுப் இக்காவுக்குப் பொன்னாடை. சுஜித் என்னைப் பார்த்தான், நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

இக்கா மைக்கைப் பிடித்து, அறிவைப் பூட்டி வைக்கக்கூடாது, மழை போல் எல்லோர்மேலும் விழவேண்டும் என்று பேசினார். அந்த மழை என் மூன்றாவது கம்ப்யூட்டர்மேல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. இவர்தான் முதலில் கைதட்டினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இக்கா குரலைத் தாழ்த்தினார். "மோளே, ஒரு காரியம் கேட்கட்டே. இதுக்கு வேற யாருமே விலை கொடுத்ததில்லையா? லோகத்துல எங்கயும்?"

எங்கெங்கோ கொடுத்திருப்பார்கள். ஆனால் மனசு வரவில்லை. "இக்கா மட்டும்தான்" என்றேன்.

பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பாலம் தாண்டும்வரை அதைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "அப்போ அது என்டேது தன்னே" என்றார்.

ஓடு மாற்ற நாளைக்கு ஆள் வருகிறது. அவருடைய சாமான் நனையக்கூடாதாம்.