படுக்கையிலிருந்து போட்ட தூண்டில்

லென்னோ, கோமோ ஏரிக்கரை

அன்புள்ள அம்மாவுக்கு, எஃபீசியோவின் பணிவான வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் குட்டி போட்டுவிட்டனவா? நான் நலம்.

ஏரிக்கரையில் சுவர் கட்டும் வேலை செய்கிறேன். என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே தண்ணீர். ரோமானிய எழுத்தாளர் ஒருவருக்கு இந்தக் கரையில் 'அழுகை', 'சிரிப்பு' என்று இரண்டு மாளிகைகள் இருந்தனவாம். சிரிப்பில் படுத்தபடியே ஜன்னல் வழியாக மீன் பிடிப்பாராம். இரண்டும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கும் இங்கே ஜன்னலிலிருந்து யாரும் தூண்டில் போடுவதில்லை. ஒரு மீனுக்கும் படகில்தான் போகிறார்கள்.

அது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் கிடந்தபடியே போட்டேன். தூண்டில் நரம்பு இழுபட்டது. மேலே எடுத்தால் என் முள்ளைக் காணோம். பச்சை பூத்த வெண்கல முள் கட்டியிருந்தது. அதில் புதிய ரொட்டி உருண்டை.

வீட்டுக்கார அம்மாள் லிபெராத்தாவிடம் காட்டினேன்.

"ஏன்டா ஆட்டுக்காரா, படகு வரைக்கும் நடக்கக் காலு இல்லையா? அந்த எழுத்தாளரு இன்னும் தண்ணிக்குக் கீழதான் படுத்திருக்காரு. நீ மேலேருந்து போட்டா, அவரு கீழேருந்து போடுவாரு."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் பயப்படாதீர்கள்.

பட்டிக் கதவின் பழைய தாழ்ப்பாளை மட்டும் அனுப்பிவையுங்கள். இந்த ஜன்னலுக்குத் தாழ்ப்பாளே இல்லை. நீங்கள் நெய்த போர்வை மதியத் தூக்கத்தில் ஜன்னல் பக்கம் நகர்கிறது. இன்று பார்த்தேன், நுனியில் அதே மாதிரி முள். நரம்பு நேராக ஏரிக்குள் இறங்குகிறது, மெதுவாக இழுபடுகிறது.

அறுத்துவிடலாம்தான். ஆனால் இந்த ஊரில் என்னைக் கூப்பிட வேறு யாரும் இல்லை, அம்மா.

தாழ்ப்பாளைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

எஃபீசியோ