மடி யாருக்கு

செவ்வாய்க்கிழமை, இரவு

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: என் அண்ணன் இன்று காலை எட்டு மணிக்கு முன்பே குளித்துவிட்டான்.

எனக்குச் சந்தேகம்தான். கையில் ஊசி போட்டுப் போதை ஏற்றிக்கொள்கிறவன், திடீரென்று "விட்டுடலாம்னு இருக்கேன்டா" என்கிறான். அம்மா அழுதபோது விடவில்லை. கம்பெனி வேலை போனபோதும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து சொன்னதுதான் காரணமாம். "பாப்பாவுக்குக் காது குத்தறப்ப உன் மடியில உக்கார வெக்க மாட்டேன். சின்னவன் மடியில வெச்சுக்கறேன்." மூத்த தாய்மாமன் இருக்கும்போதே மடி எனக்கு. இரண்டு நாளாகக் கெத்தாகத் திரிந்தேன். காதுக்கு ஊசி என்றதும் கைக்கு ஊசி கசந்துவிடுமா என்ன?

நம்பாமல், ஜூஜுவாடியில் அவன் ஏறிய பஸ்ஸிலேயே பின்படியில் ஏறினேன். ஓசூர் ஆஸ்பத்திரி வரை அவன் திரும்பவே இல்லை. போலீஸால்கூட இப்படிப் பின்தொடர முடியாது. ஊசியை விடுவதற்கு மாத்திரை கொடுக்கிற அறை முன்னால் கால் மணி நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

நிஜத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். பஸ்ஸில் நான் காசை நீட்டியபோதே கண்டக்டர், "உங்க அண்ணன் உங்களுக்கும் டிக்கெட் எடுத்துட்டாரு" என்றார். அறை வாசலிலும் அவன் திரும்பாமலே, "கூட வாடா, தனியா போக ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

நான் ஓடி வந்துவிட்டேன். பயமா, மடி போய்விடும் என்பதாலா, தெரியவில்லை. இப்போது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். உள்ளே போனாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.