சின்யோராவின் பிஸ்தோவும் உங்கள் பெயரும்

என் ஆசை மச்சாள் பிலோமினாவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஊர்ப் பல்லரோச் சந்தைக்குக்கூடப் போகாமல் பதுங்கித் திரிகிறேன். போனால் நம் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீங்கள் கண்மூடிய பிறகு, நீங்கள் சமைத்துப் பராமரித்த வீட்டு வேலைக்கு உங்கள் புருசன், என் அண்ணா, என்னைத்தான் அனுப்பினார். ஸ்பெயினில் பிறந்த வயதான வீட்டுக்கார அம்மா, சின்யோரா என்றுதான் கூப்பிடவேண்டும், மறதி கூடிவிட்டது, பிஸ்தோ என்ற காய்கறிக் கறி என்றால் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று சொன்னார். காய்கறியைக் கண்டதும் நான் இந்த ஊர்க் கப்பொனாத்தா போலக் கத்தரிக்காய் வெட்டி, வினாகிரியும் சீனியும் போட்டுவிட்டேன். ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தள்ளினார்.

"இது என்ன கோதாரி? பிலோமினா எங்கை?"

நீங்கள் செத்துப்போனதைச் சொன்னேன். அன்று முழுக்க அழுதபடி பட்டினி கிடந்தார். மறுநாள் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து கேட்டார். திரும்பவும் அழுகை.

பிஸ்தோவை அவரே ஏசி ஏசிப் படிப்பித்தார். அது ஒன்றுதான் அவருக்கு மறக்கவில்லை. அவருடைய ஊர்ப்பக்கமான லா மான்ச்சாவில் தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், சுக்கினி எல்லாம் ஒலிவ் எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதங்கவேண்டும், மேலே ஒரு பொரித்த முட்டை. கத்தரிக்காய் போடுவது முர்சியாக்காரராம், முட்டையை உள்ளே அடித்துக் கலக்குவது பில்பாவோக்காரராம். உங்களுக்கும் இப்படித்தான் பாடம் நடந்ததா?

கறி சரிவந்தும் போதவில்லை. "பிலோமினா!" என்று கூப்பிடுவார், ஆள் வராவிட்டால் கரண்டியைத் தொடமாட்டார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் "சி, சின்யோரா" என்று ஓம் சொல்லிக்கொண்டு போய் நின்றேன். தட்டை வழித்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான்தான் நீங்கள். சீ, எவ்வளவு கேவலம்! உங்கள் வேலையை எடுத்தது காணாதென்று பெயரையும் எடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு, இறந்தவர்களுக்கான பூசை. பூசை வைத்த சுவாமி செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தேன். "பிலோமினா" என்றார்.

"சி, சின்யோரா!"

கோயில் முழுக்கக் கேட்டது மச்சாள். பின்வாங்கில் இருந்த இளசுகள் சிரித்தார்கள். அண்ணா திரும்பிப் பார்த்த பார்வையில் என் உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. நாங்கள் வீடு வந்து சேருமுன்பே கதை வைபரில் மன்னாருக்குப் போய்விட்டது.

கோயில் வாசலிலேயே அழுது அழுது எல்லாவற்றையும் அண்ணாவிடம் சொன்னேன். ஏசுவார் என்றே நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"வீட்டிலை அவளின்ரை பேரை ஒருத்தரும் சொல்லுறேல்லை. சொன்னா நான் உடைஞ்சுபோவன் எண்டு பிள்ளையளுக்குப் பயம்," என்றார். "அந்த மனுசி ஒவ்வொரு நாளும் கூப்பிடுறவவோ?"

"ஓம் அண்ணா. மத்தியானத்திலை."

"நான் ஒருக்கா வந்து குசினிக்கை நிண்டு கேக்கட்டோ?"

வியாழக்கிழமை சின்யோராவின் சமையலறைக்கு வருகிறார். எனக்கு வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். அன்றைக்குப் பிஸ்தோ ஆறினால் ஆறட்டும். சின்யோரா எத்தனை தரம் கூப்பிட்டாலும், அண்ணா கேட்டு முடியுமட்டும் நான் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் புருசனின் தங்கச்சி, உங்கள் மச்சாள்
ரெஜினா