இரண்டு மிஸ்டு கால்

7.8.06, திங்கள்
வெயில் கொளுத்துகிறது. காற்றே இல்லை. ஆட்டோவின் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தேன். விடியற்காலை உப்பளம் சவாரிக்கு எப்போதும் ஆட்டோ நிறையும். இன்று மூன்றே பேர். மற்றவர்களுக்கு மூட்டுக் காய்ச்சல். சிக்குன்குனியாவாம். பேரைக் கேட்டுவிட்டுக் கோழிக்கடைப் பக்கமே போகமாட்டேன் என்கிறார்கள், மடையர்கள்.

தினமும் என் ஆட்டோவில் உப்பள வேலைக்குப் போகும் அஞ்சலை அக்கா, தனிக்கட்டை, இரண்டு மிஸ்டு கால். ஒன்று என்றால் வா, இரண்டு என்றால் வேண்டாம். செல் வாங்கிய நாளில் சவாரிக்காரர்களுக்கு நான் போட்ட சட்டம்.

9.8.06, புதன்
சவாரி தலைகீழ். உப்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆரோவில் வேலைக்காரர்கள் மட்டும், தள்ளித் தள்ளி உட்கார்ந்து. உள்கிராமங்களில் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று வாசலில் வேப்பிலை, ஆட்டோவைக் கூப்பிடுவதே கிடையாது. கூனிமேட்டு பாய்தான் போன் செய்தார்: "தம்பி, ஷேர் வேணாம். வீட்ல எழுந்து நிக்கவே முடியல. தனியா வாங்க, ஆஸ்பத்திரி போவணும்."

அஞ்சலை அக்கா மறுபடி இரண்டு. சரி, ஓய்வெடுக்கட்டும்.

11.8.06, வெள்ளி
ஸ்டாண்டில் ஆறு வண்டி. டிரைவர்களில் நான் ஒருவன்தான் நடமாடுகிறேன். எல்லாச் சவாரியும் ஆஸ்பத்திரிக்கே. ஏறும்போதே முனகல். பயமாக இருக்கிறது.

அஞ்சலை அக்கா காலையில் இரண்டு, மதியம் இரண்டு. வேண்டாம் என்பதை எத்தனை முறைதான் சொல்வாள்? எரிச்சல். செல்லை சைலன்ட்டில் போட்டேன்.

13.8.06, ஞாயிறு
கால் ஊன்ற முடியவில்லை. விரல், மணிக்கட்டு எல்லாம் வீக்கம். சர்ச் பூசைக்குப் போகவில்லை. பேனா நழுவுகிறது.

அஞ்சலை அக்காவின் பக்கத்து வீட்டு சலோமி வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"அண்ணே, அஞ்சலைக்கா ஒரு வாரமா தரையில கெடக்குது. நானும் படுத்துட்டேன், இன்னிக்குத்தான் பார்த்தேன். தண்ணிகூட எறங்கல. நீ வருவன்னு போன் அடிச்சிக்கினே இருந்துச்சாம்."

"ரெண்டு தடவ அடிச்சாளே! வேணாம்னு தானே?"

"ஒரு தடவ அடிச்சி நீ வரல. அதான் இன்னொரு தடவ அடிச்சிருக்குது. காய்ச்சல்ல உன் சட்டம்லாம் எங்க ஞாபகம் இருக்கும்?"

பாவி நான். வண்டிவரை தவழ்ந்தேன். ஸ்டார்ட் பண்ணும் லிவரை இழுக்கக் கை வரவில்லை. சலோமி ஆள் தேடி ரோட்டுக்குப் போயிருக்கிறாள். செல்லில் சைலன்ட்டை எடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

இப்போது செல் அடித்தது. அவள்தான். பச்சைப் பட்டனை அழுத்துவதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அடித்தால் எடுக்கவில்லை.

ஒன்று.

இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன். கால் மணி நேரம் ஆகிறது.