மேல்வரிசை மாமரங்கள்

அக்கா,

“சாரு, உன் தோப்புல பேஞ்ச மழை எங்க போச்சு தெரியுமா?”

இன்று காலை கொள்ளுக்கொடி அறுத்துவிட்டுக் கை கழுவினேன். கழுவியும் போகாத பச்சை வாசனையில் உங்கள் கேள்வி திரும்பவும் கேட்டது. ஆசிரியர் பணி ஓய்வுக்குப் பிறகு கங்காதர நெல்லூர்ப் பக்கம் இந்த மாந்தோப்பை வாங்கிய இரண்டாம் வருடம் கேட்டீர்கள். மேல்வரிசையில் ஏழு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. வெட்டிவிடலாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்த சமயம்.

சரிவில் கீழே இருந்த உங்கள் நிலத்துக்கு அழைத்துப்போய், வரப்போரம் படிந்திருந்த செம்மண்ணைக் காலால் தள்ளிக் காட்டினீர்கள். “மழையும் இங்க, மண்ணும் இங்க. எனக்கு நல்லதுதான். உன் மரம்தான் செத்துக்கினு கீது.”

காய் இறங்கியதும் டிராக்டர் விட்டு இரண்டு தடவை உழுது, ஒரு புல் இல்லாமல் வைப்பதுதான் நம் பக்கத்தில் மரியாதை. புல் நின்றால் உடையவன் ஊரில் இல்லை என்பார்கள். நானும் கரும்பலகையைத் துடைப்பதுபோலத் துடைத்து வைத்திருந்தேன். மழை அடித்து வெறும் மண் அப்பளம்போல இறுகியது. அடுத்த மழை அதன்மேல் ஓடிப்போனது.

நீங்கள் சொன்னபடி ஆவணியில் மரங்களுக்கு நடுவே கொள்ளு விதைத்தேன். அது படர்ந்ததும் வழியில் போகிறவர்கள் என்னை விடவில்லை. “இன்னா சாரு, இது மாங்கா துன்றதுக்கா, ஆடு துன்றதுக்கா?” வெட்கம் தாங்காமல் உழுதுவிட டிராக்டருக்குப் போன் செய்தேன்.

நீங்கள் அரிவாளோடு வந்து டிராக்டர் முன்னால் நின்றீர்கள். “பரீட்சை நடக்கசொல்ல பாதியில பேப்பரப் புடுங்குவியா சாரு? பூ உடட்டும். பூவுல அறுத்து அங்கியே போடு. வேரப் புடுங்காத, அது மக்கினா தண்ணி எறங்க வழி.” டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

அந்த வருடம் பெரிதாக எதுவும் மாறவில்லை. மறு விதைப்புக்கு முன்பே நீங்கள் கண்மூடிவிட்டீர்கள்.

இது நாலாவது கொள்ளு. ஏழில் இரண்டு மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து துளிர்த்து நிற்கின்றன. உங்கள் வரப்போரம் இப்போது புதுமண் படிவதில்லை. என் தோப்பு பிழைத்தால் உங்களுக்கு அது நஷ்டம் என்று தெரிந்தேதான் சொன்னீர்கள். நான் சுமப்பது அந்தக் கடனைத்தான்.

இப்போதும் கேலி செய்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. எல்லோருக்கும் ஒன்றுதான் சொல்கிறேன்: ஒரு மழை பெய்து காய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பாவை வெறும் மண்ணில் அழுத்தி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது இறங்கும்வரை எண்ணுங்கள். பிறகு கொடி மூடிய மண்ணிலும் அதேபோல எண்ணிப் பாருங்கள்.